இரத்தம் போதவில்லை

ஜூன் 10

புது இயந்திரம் இன்று முதல் என் பொறுப்பு. டாக்டர் கோமதிநாயகம் என்னை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரே ரத்தத்த ரெண்டு மிஷின்லயும் ஓட்டணும். நூத்தி இருவது பேரு. வைட்டமின் டி மட்டும். ரெண்டும் ஒத்துப்போவுதுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு. அதோட பழசுக்கு மூடுவிழா."

பாளையங்கோட்டை வெயிலில் வாழ்கிறவர்களுக்கு இந்த வைட்டமின் குறைவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கிறது.

பழைய இயந்திரம் தொட்டுப் பார்க்கிற வகை. அதிலுள்ள எதிர்ப்பொருள் இரத்தத்தில் துழாவி, வடிவத்தை வைத்து வைட்டமினைப் பிடிக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவரின் முகத்தைத் தடவி ஆள் சொல்வது போல. புதியது எடை போடுகிறது. எடையில் என்ன தவறு வந்துவிடும்?

பதினெட்டு வருடங்களாகப் பழையதை ஓட்டுகிற இசக்கியம்மாள் அக்காவுக்கு இதில் மனவருத்தம். "ஒன் புது மாப்பிள்ள பளபளன்னுதான் இருக்கான். எத்தன நாளைக்குன்னு பாப்போம். என் கிழவன் இருமிக்கிட்டாவது உண்மையச் சொல்லுவான், பாத்துக்கோ."

வீட்டில் அண்ணன் மகள் இவா அழுகிறாள். ஏழு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தை. இப்போது ஏழு மாதம். பால்கனி அறை என்னுடையதாக இருந்தது. தொட்டில் வந்ததும் என் புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் மாடிப்படிக்கு அடியில் போயின. அண்ணன் கேட்டான், சரி என்றேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைப் படிக்கவைத்தவன் அவன். அவனிடம் வேறு என்ன சொல்வது?

இந்த நோட்டைத் துணி அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைக்கிறேன். போன வருடம் அண்ணன் மனைவி ஜாய்ஸ் மதினி இதை எடுத்து ஒரு வரியைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாக வாசித்தாள். "பெனி எப்படி எழுதுதா பாருங்க, பாட்டு மாதிரி!" பாராட்டாகத்தான் சொன்னாள். அண்ணன் சிரித்தான். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 17

நாற்பத்தொரு மாதிரிகள் முடிந்தன. இரண்டு இயந்திரங்களும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. மதியம் தயிர் சாதம். பென்சில் தொலைந்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்பும்போது மதினி இவாவுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை கத்திய விதம் புதிதாக இருந்தது. இடது கை தொங்கியது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மேல்கை எலும்பு முறிந்திருக்கிறது. விலா எலும்பில் இன்னொரு கீறல், அது பழையது, தானாகவே ஆறிக்கொண்டிருக்கிறது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்திருந்தார். "எலும்பு பலமில்லாம இருக்கணும். இல்லன்னா யாராவது..." என்று நிறுத்திக்கொண்டார். வைட்டமின் டி பார்க்கச் சொன்னார். அது குறைவாக இருந்தால் எல்லாம் விளங்கிவிடும்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். அண்ணன் பேனாவை என்னிடம் நீட்டினான், நான் நிரப்பினேன். "முறிவு ஏற்பட்டபோது குழந்தை யாரிடம் இருந்தது?" என்று ஒரு கேள்வி. தாய், ஜாய்ஸ் சாலமோன் என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஜூன் 24

அண்ணனே இரத்தக் குழாயை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தான். "ஏட்டி பெனி, வேற எங்கயும் குடுக்க மனசில்ல. நீ பாத்தா நான் நம்புவேன்."

இவாவின் மாதிரிக்கு எண் 87. இரண்டிலும் ஓட்டினேன். பழையது 9 என்றது. புதியது 24. இருபதுக்கு மேல் என்றால் போதும்.

இசக்கி அக்கா இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "கிழவன் ஒம்பதுங்கான். மாப்பிள்ள இருவத்தினாலுங்கான். யாரு பொய் சொல்லுதா?"

"எடை போடுறது பொய் சொல்லாதுக்கா."

"எட போடுதவனுக்குக் கண்ணு இருக்கா?"

நான் 24 என்று அறிக்கை கொடுத்தேன். இதில் நான் செய்தது சரி. உலகம் முழுவதும் புதிய முறையைத்தான் மேலானது என்கிறார்கள்.

ஜூன் 26

ஆஸ்பத்திரி டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் தனியாகப் பேசினார். வைட்டமின் போதுமான அளவு இருக்கிறது, எனவே எலும்பு தானாக முறிந்திருக்க வாய்ப்பில்லை. குழந்தையை வைத்திருந்தவர் தொடர்ந்து வீட்டில் இருந்தால் குழந்தைகள் நலக்குழுவுக்கு டாக்டர் எழுதியாக வேண்டுமாம்.

மாலையில் மதினி சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெனி, ஒண்ணு சொல்லுதேன். ஆஸ்பத்திரில குடுத்த வைட்டமின் சொட்டு மருந்த நான் ரெண்டு மாசத்துலயே நிறுத்திட்டேன். குடிச்ச ஒடனே கக்கிருவா. பாவமா இருந்துச்சு. ஒங்க அண்ணன்ட்ட சொல்லல. அதனாலதான் எலும்பு இப்பிடி ஆயிருக்கும், இல்லையா? என் தப்புதான். நானே அவங்ககிட்ட சொல்லிருதேன்."

"நிறுத்தியிருந்தா இருபத்தினாலு வராது மதினி," என்றேன்.

அவள் முகத்தில் நான் பார்த்தது வினோதமாக இருந்தது. தான் குற்றவாளி இல்லை என்று கேட்டு யாரும் அப்படி உடைந்துபோய் நான் பார்த்ததில்லை.

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "பொய்யும் சொல்லுதியா?" என்று அவளிடம் கேட்டான். அவன் குரலை உயர்த்துகிறவன் அல்ல. இன்றும் உயர்த்தவில்லை.

ஜூன் 29

மதினியின் தம்பி அவர்கள் ஊரான நாசரேத்திலிருந்து காரில் வந்து அவளை அழைத்துப் போனான். குழந்தை இங்கேயே இருக்கிறது. "நீ போயிட்டா அவங்க எழுத மாட்டாங்க. பிள்ளைக்காகப் போ," என்று அண்ணன் சொன்னான். அவள் செருப்பை மாட்டிய பிறகு திரும்பி உள்ளே வந்து, இன்னொரு தடவை பால் கொடுத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

மாவுப்பால் டின் இரண்டு வாங்கினோம். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை அமர்த்தியாயிற்று. மற்ற நேரம் நானும் அண்ணனும்.

ஜூலை 3

இவாவின் தொட்டிலை அண்ணன் தன் அறைக்கு எடுத்துக்கொண்டான். புத்தகப் பெட்டிகளைப் பால்கனி அறைக்கு மேலே கொண்டுவந்தேன். நான்கு பெட்டிகளைக் கரையான் தொடவில்லை.

ஜூலை 9

நூற்றிருபதும் முடிந்தன. கட்டத்தாளில் புள்ளிகளை வைத்துப் பார்த்தேன். நூற்றொன்பது புள்ளிகள் ஒரே கோட்டில் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல நிற்கின்றன. பதினொன்று மட்டும் கோட்டை விட்டு மேலே பறக்கின்றன. அவை எல்லாவற்றிலும் புதியதன் எண் அதிகம், பழையதன் எண் குறைவு. பதினொன்றும் ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுடையவை.

டாக்டர் கோமதிநாயகம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இதுனால கோடு கெட்டுப்போவுது. காரணம் எழுதிட்டு எடுத்துரு."

"என்ன காரணம் சார்?"

"கைப்பிள்ளைங்க ரத்தந்தானே? கொஞ்சமாத்தான் கிடைச்சிருக்கும். போதலன்னு எழுது."

உண்மையில் பதினொன்றிலும் போதுமான அளவு இருந்தது. இவாவின் குழாயில் மிச்சமே உறைபெட்டியில் இருக்கிறது. பதினொரு கட்டங்களில் "இரத்தம் போதவில்லை" என்று எழுதினேன். 87-க்கு எதிரிலும். பிறகு கோடு அழகாக வந்தது.

மதினிக்குப் பால் கட்டிக் காய்ச்சல் என்று அண்ணன் சொன்னான்.

ஜூலை 12

அறிக்கையில் கையெழுத்திட்டேன். என் பெயர் முதலில், டாக்டர் கோமதிநாயகம் பெயர் இரண்டாவதாக. அவரே அப்படிச் சொன்னார். இனி எல்லா வைட்டமின் டி பரிசோதனையும் புதியதில்தான். இசக்கி அக்கா கிழவனை ஒரு பழைய படுக்கை விரிப்பால் போர்த்தினாள். "பிள்ளையளுவ புள்ளி எல்லாம் எங்கட்டி போச்சு?" என்று கேட்டாள். ரத்தம் போதவில்லை என்றேன். "அப்பிடியா," என்றாள். அவள் "அப்பிடியா" என்றால் அதற்கு மேல் பேச மாட்டாள்.

ஜூலை 18

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. வேறு எதையோ தேடும்போதுதான்.

இந்த வைட்டமினுக்கு ஒரு இரட்டை உண்டு. அதே அணுக்கள், அதே எடை. ஓரிடத்தில் மட்டும் ஒரு கை மறுபக்கம் திரும்பியிருக்கும். எலும்புக்கு அதனால் பெரிதாக உபயோகமில்லை. பெரியவர்களிடம் அது கொஞ்சம்தான். ஒரு வயதுக்குள்ளான குழந்தைகளிடம், அதிலும் குறைமாதக் குழந்தைகளிடம், பாதிக்கு மேல்கூட இருக்கலாம். எடை போடுகிற இயந்திரம் இரண்டையும் கூட்டிச் சொல்லிவிடும். தொட்டுப் பார்க்கிற இயந்திரம் கை திரும்பியிருப்பதைக் கண்டுகொண்டு அதை விட்டுவிடும். எடையிலும் பிரிக்க முடியும்; நீளமான குழாய் ஒன்றைப் பொருத்தி மூன்று நிமிடத்துக்குப் பதில் ஒன்பது நிமிடம் ஓட்ட வேண்டும்.

சுவாரசியமான கட்டுரை. இலக்கியத்தில் இரட்டையர்களை வைத்து எத்தனையோ கதைகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் தண்டனை தப்பான ஆளுக்குத்தான் கிடைக்கிறது.

ஜூலை 19

மதினி போன் செய்தாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம். அதிகம் பேச ஒன்றுமில்லை. லேபில் ஒன்பது நிமிட ஓட்டம் ஒன்று போட்டுப் பார்த்தேன். குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. குடை வாங்க வேண்டும்.

ஜூலை 20

குடை வாங்கினேன். நீலம்.

ஆகஸ்ட் 4

இவாவுக்குப் பால் குடிக்கும்போது தலை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. புழுக்கம்தான். இந்த வயதில் உட்கார வேண்டும் என்கிறாள் பகலில் பார்க்கிற அம்மாள்; இவா உட்காரவில்லை. குறைமாதம், எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும்.

அண்ணன் கண்ணாடி முன்னால் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். நேற்று, "நான் அவளக் கட்டும்போது நல்ல பிள்ளையாத்தான் இருந்தா ல்லா?" என்றான். ஆமாம் என்றேன். அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. இந்த நோட்டில் எங்கும் அப்படி ஒரு வரி இல்லை.

பால்கனி அறையில் சாயங்கால வெளிச்சம் ஆறரை வரை இருக்கிறது. இந்த மாதம் ஐந்து நாவல்கள் முடித்தேன்.

ஆகஸ்ட் 13

டாக்டர் கோமதிநாயகம் என்னை அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளராக்கினார். இசக்கி அக்காவுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன். "கசக்குதுட்டி," என்றாள், தின்றுகொண்டே.

ஆகஸ்ட் 23

காலையில் இவாவுக்குத் துணி மாற்றினேன். இரண்டு கணுக்காலையும் ஒரு கையில் பிடித்துத் தூக்கினேன். எல்லோரும் அப்படித்தான் தூக்குகிறார்கள். மெதுவாகத்தான் தூக்கினேன்.

ஒரு சத்தம் கேட்டது. சிறிய சத்தம். காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிவது போல.

மெதுவாகத்தான் தூக்கினேன்.

ஆகஸ்ட் 24

வலது தொடை எலும்பு. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே படிவம். இந்த முறை அண்ணன் என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டான். குழந்தை யாரிடம் இருந்தது என்ற இடத்தில் அத்தை, பெனினா என்று எழுதினான். 

டாக்டர் மறுபடி இரத்தம் எடுத்து எங்கள் லேபுக்கே அனுப்பினார். இங்கே இனி அந்த ஒரு முறைதானே. மாலையில் பதில் வந்தது: 26. போதுமான அளவு. கீழே பிரிவுப் பொறுப்பாளர் என்று என் பெயர் அச்சாகியிருக்கிறது.

வராந்தாவில் அண்ணன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவளும் சட்டைய மெதுவாத்தான் போட்டேன்னு சொன்னா," என்றான்.

"அண்ணே..."

"நீயும் மெதுவாத்தான் தூக்குனேன்னு சொல்லுத. ரெண்டு பேருமா சேந்து எனக்கு வெளையாட்டுக் காட்டுதியளா? ஒரு சொட்டு ரத்தம் இனி எவனும் எம்பிள்ள ஒடம்புலருந்து எடுக்கக் கூடாது."

திங்கட்கிழமை நலக்குழுவுக்குக் கடிதம் போகும் என்று டாக்டர் சொன்னார். அதில் என் பெயர் இருக்கும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

ஜூலை 19 அன்று நான் ஓட்டியது 87-ஆம் மாதிரி. ஒன்பது நிமிடத்தில் திரையில் இரண்டு கோபுரங்கள் தனித்தனியாக எழுந்தன. உண்மையான வைட்டமின் 10. அதன் இரட்டை 14. கூட்டினால் 24. இவாவுக்கு எலும்பு நோய். யாரும் அவளை ஒன்றும் செய்யவில்லை. தாளை அச்செடுத்து நான்காக மடித்து வாசித்துக்கொண்டிருந்த நாவலுக்குள் வைத்தேன். அறிக்கை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

இன்று லேபுக்குப் போனேன். இன்றைய தேதியில் ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான் வேண்டும். இசக்கி அக்கா மட்டும் பணியில் இருந்தாள்.

"நேத்து வந்த இவா ரத்தம் எங்கக்கா?"

"அடியோட ஓட்டியாச்சு. கைப்பிள்ள ரத்தம் என்ன படிக்கணக்குலயா வரும்?"

உறைபெட்டியிலிருந்து பழைய குழாயை எடுத்தேன். ஜூலையில் பெரும்பகுதியை நானே தீர்த்திருக்கிறேன். அடியில் ஒரு கறை. உறிஞ்சு குழாயில் காற்றுதான் வந்தது. இயந்திரம் திரையில் எழுதிக் காட்டியது: மாதிரி போதவில்லை.

பதினொரு முறை நான் பொய்யாக எழுதிய வாக்கியம். முதல் முறையாக உண்மையாகிவிட்டது.

இசக்கி அக்கா என் பின்னால் நின்றிருந்தாள். "ஆடு களவு போன பெறவு கொட்டிலப் பூட்டுத மாதிரி என்னத்தட்டி தேடுத?" என்றாள். குழாயைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நாவலிலிருந்து தாளை எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். "அண்ணே, நான் ஒண்ணும் செய்யல. எலும்பே பலமில்ல. இத டாக்டர்ட்ட காட்டு, புரியும்." இரட்டையைப் பற்றி விளக்கினேன். அவன் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் தலையை வைத்து அழுதான். "அப்போ யாருமே எதும் செய்யல. ஜாய்ஸும் செய்யல. எந்தங்கச்சிதான் கண்டுபிடிச்சா," என்றான். நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

பிறகு மதினிக்குப் போன் போட்டான். "பெனி கண்டுபிடிச்சிட்டாட்டி! இரு, வாசிக்கேன்." அவன் எதையும் மேலிருந்து கீழே ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறவன், கோயிலில் வேதபாடம் வாசிக்கும்போதும் அப்படித்தான். பெயர் வாசித்தான். வயது வாசித்தான். மாதிரி எண் 87. பரிசோதித்த தேதி, பத்தொன்பது, ஜூலை.

அங்கே நின்றுவிட்டான். தேதியை மட்டும் இன்னொரு தடவை வாசித்தான்.

ஆகஸ்ட் 27

டாக்டர் மருந்து தொடங்கிவிட்டார். கடிதம் போகவில்லை. எலும்புகள் கூடிவிடும் என்கிறார். ஒரு மாதம் முன்பே தொடங்கியிருந்தால் தொடை ஒடிந்திருக்காது என்றும் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

மதினி இன்று வந்தாள். மெலிந்திருக்கிறாள். மார்புக்குக் கிட்டே சேர்த்ததும் இவா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலுக்கு அழுதாள். மதினிக்கும் பால் வற்றியிருந்தது. பாட்டிலை அவளே கொடுத்து முடித்தாள். பிறகு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். புத்தகங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"பத்தொம்பதாம் தேதி நான் ஒனக்குப் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அந்த நம்பர இன்னொரு வாட்டி பாரு பெனி, ஒன் கால்ல விழுதேன்னு அழுதேன். நீ என்ன சொன்னே?"

நான் மேஜையிலிருந்த புத்தகத்தை நேராக வைத்தேன்.

"நம்பர் பொய் சொல்லாது மதினின்னு சொன்னே. அப்போ இந்தத் தாளு எங்க இருந்துச்சு?"

"...என் கையில."

அவள் தலையை ஆட்டினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருக்கலாம்.

"நான் ஹாஸ்டலுக்குப் போயிடுதேன் மதினி. இன்னைக்கே பெட்டியக் கட்டுதேன்."

"எங்கயும் போவாண்டாம். ஒங்க அண்ணன் நீ போவணும்னுதான் சொல்லுதாவ. நான் வேண்டாம்னுட்டேன். நீ இங்கயே இரி. இதே ரூம்ல இரி. தெனமும் அவளப் பாரு. உக்காருவா, நிப்பா, நடப்பா, எல்லாத்தையும் பாரு." தாளை நான்காக மடித்து மேஜையில் வைத்தாள். "ஆனா அவளத் தொடாத."

அவள் போன பிறகு இந்த நோட்டின் ஜூலை 19-ஆம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதிகம் பேச ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். நல்ல கையெழுத்தில்.

செப்டம்பர் 5

டாக்டர் கோமதிநாயகத்திடம் பதினொன்றையும் பற்றிச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இசக்கி அக்கா கிழவன் மேலிருந்த விரிப்பை எடுத்துவிட்டாள். மற்ற பத்து வீடுகளுக்கும் போன் செய்தார்கள். எட்டு பேர் வந்து மருந்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு எண்களில் யாரும் எடுக்கவில்லை. அந்த இரண்டு குழந்தைகளின் பெயர் எனக்குத் தெரியாது, மாதிரி எண் மட்டும் தெரியும்: 31, 104.

அக்டோபர் 20, ஞாயிறு

இவா தலையணைச் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தாள். அண்ணன் கைதட்டினான். மதினி என்னை வாசலில் வந்து நின்று பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். குழந்தை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என்னிடம் தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் நீட்டியபடியே இருந்தாள்.